போரும் எண்ணெய்க் கப்பல் வழியும்

"அவன் லேசுப்பட்டவன் அல்லன், பெரிய எம்டன்!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது சொல்லக் கேட்டிருப்போம். எம்டன் என்பது ஓர் ஆளின் பெயர் அன்று. ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அக்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, கரையோரம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. வந்த சுருக்கிலேயே அது இருளில் மறைந்துவிட்டது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் சென்னையை விட்டு ஓடிய கதையைப் பாட்டிமார் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

கதையில் வராத செய்தி ஒன்று உண்டு. எரிந்துபோன எண்ணெயைவிடப் பெரிய நஷ்டம், அந்தச் செப்டம்பர் மாதத்தில் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளிவரத் தயங்கி நின்றதால் உண்டாயிற்று. கப்பல்களுக்கான போர்க்கால இன்ஷூரன்ஸ் கட்டணம் சட்டென்று ஏறிற்று. எம்டன் கொளுத்தியது இரண்டு தொட்டிகளை. கலைத்ததோ ஒரு கடல் முழுவதன் போக்குவரத்தை. நூறு ஆண்டுக்கு மேல் கடந்த பின்னும் எண்ணெய்க்கும் போருக்கும் உள்ள தொடர்பு இந்த மாதிரியில்தான் இருக்கிறது. போரில் எரிந்து போகும் எண்ணெய் சிறிது. வழி மாறிப் போகும் எண்ணெய் மிகப் பெரிது. இந்த வழி மாற்றத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, எண்ணெய்க் கப்பலைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். "அதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். பெருக்கல் வாய்ப்பாடும் கொஞ்சம் பௌதிகமும் இருந்தால் போதும், உலக அரசியலில் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். படித்துவிட்டு அவர்களே சொல்லட்டும்.

முதலில் நம் வாசற்படியிலிருந்தே தொடங்குவோம். நான் குர்லாவில் வளர்ந்தவன். குர்லாவில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் திலக் நகரை அடுத்தது செம்பூர். அங்கிருந்து மாஹுல் பக்கம் போனால் மூக்கே வழி சொல்லிவிடும். அங்கே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று பாரத் பெட்ரோலியம். மற்றொன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம். இரவில் அவற்றின் உயர்ந்த குழாய் முனையில் எரியும் தீயைச் செம்பூர் வாசிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எலிபெண்டா குகைக்குப் படகில் போகிறவர்கள் வழியில் இன்னொரு தீவையும் காணலாம். தொட்டிகளும் குழாய்களும் நிறைந்த அந்தத் தீவுக்குப் பழைய பெயர் புட்சர் தீவு. இப்போது ஜவஹர் தீவு. பொது மக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா எண்ணெய்க் கப்பல் அங்கேதான் கட்டப்படுகிறது. அங்கிருந்து கடலுக்கு அடியில் போடப்பட்ட குழாய்கள் எண்ணெயை மாஹுலுக்குக் கொண்டுவருகின்றன.

இந்த நிலையங்கள் இங்கே வந்ததற்கே ஒரு சர்வதேசத் தகராறுதான் அவசரக் காரணம். 1951இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கியது. பிரிட்டன் அதை எதிர்த்து, ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி முற்றுகை போட்டது. அபாதான் என்னும் ஊரில் இருந்த மாபெரும் சுத்திகரிப்பு நிலையம் நின்றது. அங்கிருந்து பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டிருந்த இந்தியா விழித்துக்கொண்டது. சுத்திகரித்த பொருளை ஒரே இடத்திலிருந்து வாங்குவதைவிட, கச்சா எண்ணெயைப் பல இடங்களிலிருந்து வாங்கி நாமே சுத்திகரிப்பது பத்திரமானது அல்லவா? அதே ஆண்டு அந்நியக் கம்பெனிகளுடன் ஒப்பந்தங்கள் ஆயின. 1954இல் ஸ்டான்வாக் நிலையமும் 1955இல் பர்மா-ஷெல் நிலையமும் டிராம்பேயில் வேலை தொடங்கின. 1970களில் இரண்டும் அரசுடைமையாயின. எம்டன் சுட்ட தொட்டிகளுக்கு உரிய பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல்லும் சேர்ந்து நடத்தியதுதான் பர்மா-ஷெல் என்பதை நினைக்கும்போது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

இன்று இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. பம்பாய் ஹை 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1976 முதல் எண்ணெய் தந்தும் தேவை அதை வெகு தூரம் தாண்டிவிட்டது.

போர் என்றதும் "எண்ணெய் நின்றுவிடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எண்ணெய் நிற்பதில்லை, சுற்றிப் போகிறது. இதை விளங்கிக்கொள்ள நம் சாலின் குழாயடியே போதும். வாசலிலேயே குழாய் இருந்தால் இரண்டு குடங்களை வைத்துக்கொண்டு ஒருவரே வீட்டுத் தொட்டியை நிரப்பிவிடலாம். அந்தக் குழாய் நின்று, நான்கு தெரு தள்ளிப் போக வேண்டி வந்தால்? தண்ணீரின் அளவு அதேதான். ஆனால் குடங்களும் ஆட்களும் பல மடங்கு வேண்டும். ஏனெனில் எந்த நேரத்திலும் பாதிக் குடங்கள் வழியில் இருக்கும். எல்லா வீட்டாரும் ஒரே நாளில் அப்படிப் புறப்பட்டால் ஊரில் குடமே கிடைக்காது. இருக்கும் குடத்துக்கு வாடகை ஏறிவிடும். வாசற்குழாய் நிற்காத வீட்டுக்காரரும் அந்த வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கப்பல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் அளவு டன்-மைல். ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் தூரம் கொண்டுபோனால் ஒரு டன்-மைல். எத்தனை டன் எண்ணெய் விற்றது என்பது ஒரு கணக்கு. எத்தனை டன்-மைல் ஓடியது என்பது வேறு கணக்கு. போர் பெரும்பாலும் முதற்கணக்கை அதிகம் மாற்றாமல் இரண்டாவது கணக்கை வீங்க வைக்கிறது.

1956இல் சூயஸ் சண்டை வந்தபோது எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. 1957 ஏப்ரலில்தான் கால்வாய் திறந்தது. 1967 ஜூன் போரில் மறுபடியும் மூடிய கால்வாய் 1975 ஜூன் 5ஆம் தேதி வரை, முழுதாக 8 ஆண்டுகள், திறக்கவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்ட கப்பல்கள் 15. பாலைவன மணல் படிந்து அவை மஞ்சள் நிறமாகிவிட்டன. அவற்றின் மாலுமிகள் பொழுது போகாமல் தங்களுக்கென்று தபால் தலை கூடத் தயாரித்துக்கொண்டார்கள். அவர்கள் கதையை யாராவது தனியே எழுத வேண்டும்.

பாரசீக வளைகுடாவில் உள்ள ராஸ் தனூராவிலிருந்து ஹாலந்து தேசத்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாகச் சுமார் 6,500 கடல் மைல். ஆப்பிரிக்காவின் தென் முனையைச் சுற்றினால் சுமார் 11,200. எண்ணெய்க் கப்பல் மணிக்கு 13 கடல் மைல் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 312. ஆக, சுற்று வழியில் 15 நாள் கூடுதல். திரும்பி வரவும் அதே 15. நம் பம்பாய்க்கு எண்ணெய் அரபிக் கடல் வழியே நேரே வந்தது. சூயஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒரே சந்தையில் வாடகைக்குக் கிடைப்பவை ஆகையால், தூரம் கூடியது ஐரோப்பியர்களுக்கு என்றாலும் குடத்து வாடகை எல்லோருக்கும் ஏறிற்று.

சுற்றுவழியை மலிவாக்க ஒரே உபாயம், கப்பலைப் பெரிதாக்குவது. இங்கேதான் பௌதிகம் வருகிறது. ஒரு கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அது கொள்ளும் சரக்கு 2×2×2, அதாவது 8 மடங்கு. ஆனால் நீரில் உராயும் பரப்பு 2×2, அதாவது 4 மடங்கு மட்டுமே. மெதுவாகப் போகும் கப்பலுக்கு நீரின் தடை பெரும்பாலும் இந்த உராய்வுதான். எனவே ஒரு டன்னைத் தள்ள வேண்டிய சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. மாலுமிகளோ அதே 25 பேர்! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் கட்டிய எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 16,500 டன் சுமந்தது. 1966இல் ஜப்பானின் இடெமிட்சு மாரு 2,00,000 டன்னைத் தாண்டியது. 1968இல் யூனிவர்ஸ் அயர்லாந்து 3,00,000 டன்னையும் தாண்டியது. 1967க்கு முன் சூயஸ் கால்வாயில் 38 அடி ஆழத்துக்கு மேல் அமிழும் கப்பல் போக முடியாது. வழி அடைபட்டபின் அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவார் யார்? பெரிய கப்பலைப் போரே கண்டுபிடித்தது என்று சில புத்தகங்கள் எழுதுவது மிகை. ஜப்பான் கால்வாயைப் பயன்படுத்தாமலே பெரிய கப்பல் கட்டிக்கொண்டிருந்தது. போர் செய்தது, பின்னாலிருந்து தள்ளியதுதான்.

இதன் விளைவு நம் ஊருக்கும் வந்தது. 1950களின் கப்பலை மனத்தில் வைத்து அமைத்த ஜவஹர் தீவின் நீர், இந்த இராட்சசக் கப்பல்களை முழுச் சுமையுடன் ஏற்கும் ஆழம் உடையதன்று. ஆகவே 2,00,000, 3,00,000 டன் கப்பல்கள் குஜராத்தில் வாடினார் போன்ற இடங்களில், கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் மிதக்கும் மிதவைகளில் எண்ணெயை இறக்குகின்றன. மும்பைக்கு நடுத்தரக் கப்பல்களே வருகின்றன. எகிப்தில் ஒரு கால்வாய் மூடியதற்கும் குஜராத் கடலில் மிதவை மிதப்பதற்கும் இப்படி ஓர் உறவு.

நிற்க. கப்பல் எந்த வழியில் போவது என்று தீர்மானிப்பவர் யார்? மாலுமித் தலைவர் என்று நினைத்தால் தவறு; கடற்படைத் தளபதியும் அல்லர். பெரும்பாலும் லண்டனில் மேஜைக்கு முன் உட்கார்ந்திருக்கும் இன்ஷூரன்ஸ்காரர். அங்கே ஜாயின்ட் வார் கமிட்டி என்று ஒரு குழு இருக்கிறது. ஆபத்தான கடற்பகுதிகளின் பட்டியலை அது வெளியிடும். பட்டியலில் உள்ள கடலுக்குள் நுழைய வேண்டுமானால் சாதாரண இன்ஷூரன்ஸ் போதாது. கப்பலின் மதிப்பில் இவ்வளவு பங்கு என்று தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் வழக்கமாக 7 நாளுக்குத்தான். 2023 டிசம்பரில் இந்தக் குழு தென் செங்கடலில் தன் எல்லைக் கோட்டை வடக்கே நகர்த்தியது. 2024 தொடக்கத்தில் கட்டணம் கப்பல் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றை எட்டியதாகச் செய்திகள் வந்தன.

நூற்றுக்கு ஒன்று என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. கப்பலின் மதிப்பு 8 கோடி டாலர். அதில் 10 லட்சம் பீப்பாய் எண்ணெய். நூற்றுக்கு ஒன்று என்றால் 8 லட்சம் டாலர். அதாவது பீப்பாய்க்கு 80 சென்ட், ஒரே ஒரு முறை அந்தக் கடலைக் கடப்பதற்கு. மறுபக்கம், ஆப்பிரிக்காவைச் சுற்றினால் 15 நாள். வாடகையும் எரிபொருளும் சேர்த்து நாளுக்கு 80,000 டாலர் என்றால் 12 லட்சம். கால்வாய்ச் சுங்கம் 4 லட்சம் மிச்சம். நிகரச் செலவு 8 லட்சம். தராசின் இரு தட்டும் சமம்! இதனால்தான் ஒரே வாரத்தில் ஒரு கம்பெனி செங்கடலில் போகிறது, இன்னொரு கம்பெனி சுற்றிப் போகிறது. கட்டணம் கொஞ்சம் ஏறினால் கப்பல்கள் கூட்டமாகத் திரும்பிவிடும். எம்டனைக் கண்டு 1914இல் கப்பல்கள் துறைமுகத்தில் ஒடுங்கியதற்கும் இதே தராசுதான் காரணம்.

இந்தத் தராசில் வைக்கப்படாத பொருள் ஒன்று உண்டு. கப்பலில் இருக்கும் 25 உயிர்கள். என் அத்தான் தூத்துக்குடிக்காரர். எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன். அவர் செங்கடலில் இருக்கிறார் என்றால் அக்காள் டெலிவிஷன் செய்தியைப் போடவே விடமாட்டாள். 2023 டிசம்பரில் கப்பல் முதலாளிகளும் மாலுமிச் சங்கங்களும் சேர்ந்த சர்வதேச அமைப்பு, தென் செங்கடலைக் கடக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான கூடுதல் தொகை, மரணம் நேர்ந்தால் இரட்டை நஷ்டஈடு, "அந்த வழியே நான் வரமாட்டேன்" என்று மறுக்கும் உரிமை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் சேராத கப்பல்களில் இந்த உரிமைகள் கிடையா.

விடுமுறையில் வந்திருந்தபோது அத்தானிடம், குண்டு பட்டால் கப்பல் முழுவதும் வெடித்துவிடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நெறஞ்ச தொட்டியப் பத்திப் பயமில்ல மாப்ளே. காலித் தொட்டிதான் எமன்" என்றார். கேட்க விந்தையாக இருந்தாலும் இது சரியான இரசாயனம். எரிவது எண்ணெய் அன்று, அதன் ஆவி. ஆவியும் காற்றும் கலந்த கலவையில் ஆவி நூற்றுக்கு 1 முதல் 10 பங்கு வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். குறைந்தாலும் பிடிக்காது, மிகுந்தாலும் பிடிக்காது. விளிம்பு வரை நிரம்பிய தொட்டியில் காற்றுக்கு இடமே இல்லை. எண்ணெய் இறக்கிய தொட்டியில்தான் ஆவியும் காற்றும் கூடிக் குலாவும். அதனால் கொதிகலனிலிருந்து வரும் புகைவாயுவைக் கழுவி, குளிர்வித்து, தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே ஆக்ஸிஜன் நூற்றுக்கு 8க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் எந்தப் பொறியும் ஒன்றும் செய்யாது. இந்த வாயுவைக் கவனிப்பதும் அத்தானின் வேலைகளில் ஒன்று.

ஈரானும் ஈராக்கும் சண்டையிட்ட காலத்தில், 1984 முதல் 1988 வரை, வளைகுடாவில் 400க்கு மேற்பட்ட வாணிபக் கப்பல்கள் தாக்கப்பட்டன. பெரும்பாலான எண்ணெய்க் கப்பல்கள் அடிபட்டும் மூழ்காமல் தப்பியதற்கு அவற்றின் பருமனும் இந்த இரசாயனமும் காரணங்கள். அந்தப் போரிலும் எண்ணெய் நிற்கவில்லை. ஈராக் விமானங்கள் கார்க் தீவைத் தாக்கின. அங்கே போக அந்நியக் கப்பல்கள் அஞ்சவே, ஈரான் தானே சில கப்பல்களை வைத்து எண்ணெயைத் தெற்கே சிர்ரி தீவுக்கும், பிறகு லாரக் தீவுக்கும் கொண்டுபோய், அங்கே வாங்குபவர் கப்பலில் மாற்றிக் கொடுத்தது. ஈராக் தன் எண்ணெயைத் துருக்கி வழியாகவும் சவூதி அரேபியா வழியாகவும் குழாயில் அனுப்பியது. சவூதியோ பாலைவனத்தின் குறுக்கே செங்கடலில் உள்ள யான்பூ வரை 1981இலேயே குழாய் போட்டு வைத்திருந்தது. குவைத் தன் கப்பல்களில் அமெரிக்கக் கொடியை ஏற்றியது. அப்படிக் கொடி மாற்றிய பிரிட்ஜ்டன் என்னும் கப்பல், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலுடன் சென்ற முதற்பயணத்திலேயே, 1987 ஜூலை 24இல், கண்ணிவெடியில் மோதியது. அதன்பின் காவற் கப்பல்கள் பிரிட்ஜ்டனுக்குப் பின்னால் போயின! பெரிய எண்ணெய்க் கப்பல் வெடியைத் தாங்கும், சிறிய போர்க்கப்பல் தாங்காது என்பதுதான் காரணம்.

உலகத்திலேயே நீளமான கப்பலாக இருந்த சீவைஸ் ஜயன்ட், 458 மீட்டர், 1988 மே மாதம் லாரக் தீவருகே ஈராக் விமானங்களால் தாக்கப்பட்டு அமிழ்ந்தது. அதைத் தூக்கி, செப்பனிட்டு, பெயர்களை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கடைசியில் 2009இல் குஜராத்தின் அலங் கரையில் ஏற்றி, நம் தொழிலாளிகள் துண்டு துண்டாக வெட்டினார்கள். வளைகுடாவில் 1990இல் மறுபடி மூண்ட நெருப்பில் ஈராக், குவைத் இரண்டின் எண்ணெயும் இந்தியாவுக்கு ஒரே நேரத்தில் இல்லாமற் போனது. 1991இல் நம் அரசு தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க நேர்ந்த காரணங்களுள் அந்த எண்ணெய்ச் செலவும் ஒன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. அதற்கு முன் ரஷ்யாவின் பால்டிக் துறைமுகமான பிரிமார்ஸ்க்கிலிருந்து ராட்டர்டாமுக்கு எண்ணெய் போக 1,350 கடல் மைல் அளவே. நான்கைந்து நாள் பிரயாணம். ராஸ் தனூராவிலிருந்து மும்பைக்கும் ஏறத்தாழ அதே தூரம், 1,400. இரு பக்கத்திலும் அடுத்த வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2022 டிசம்பர் 5 முதல் ஐரோப்பிய யூனியன் கடல்வழி வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை வாங்குவதை நிறுத்தியது. ரஷ்யா விலையைத் தள்ளிக் கொடுத்தது, இந்தியா வாங்கியது. போருக்கு முன் நம் இறக்குமதியில் நூற்றுக்கு 2 பங்கு கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், 2023-24இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயிற்று. ரஷ்யாவின் யூரல்ஸ் எண்ணெய் கந்தகத்திலும் கனத்திலும் வளைகுடா எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட உறவுமுறை. எனவே நம் சுத்திகரிப்பு நிலையங்களால் அதை ஜீரணிக்க முடிந்தது. ஐரோப்பா வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் தேடி வாங்கியது.

இப்போது கணக்கு. முன்பு: 1,350-உம் 1,400-உம் சேர்ந்து 2,750. இரு வீட்டாரும் கடையை மாற்றிக்கொண்ட பின்: பிரிமார்ஸ்க்கிலிருந்து மும்பைக்குச் சூயஸ் வழியாகச் சுமார் 7,600, ராஸ் தனூராவிலிருந்து ராட்டர்டாமுக்கு 6,500. ஆக 14,100. ஒரு சொட்டு எண்ணெயும் கூடவில்லை, குறையவில்லை. தூரம் மட்டும் 5 மடங்கு! எல்லா எண்ணெயும் இப்படி மாறிவிடவில்லை என்பது உண்மை. மாறியவரைக்கும் கணக்கு இதுதான். கப்பல் எண்ணிக்கையில் பார்த்தாலும் அப்படியே. வளைகுடாவுக்கும் மும்பைக்கும் போய்வர, ஏற்ற இறக்க உட்பட, 13 நாள். ஒரு கப்பல் ஆண்டுக்கு 28 நடை அடிக்கும். பால்டிக்குக்குப் போய்வர 53 நாள். ஆண்டுக்கு 7 நடைதான். ஒரு கப்பல் செய்த வேலைக்கு 4 கப்பல்.

இந்த நீண்ட புது வழியின் நடுக்கழுத்தில்தான் செங்கடல் இருக்கிறது. காஸா போரை அடுத்து, 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூதிகள் அங்கே கப்பல்களைத் தாக்கினார்கள். பாப்-எல்-மந்தெப் ஜலசந்தி வழியே 2023இல் நாள் ஒன்றுக்கு 87 லட்சம் பீப்பாய் போன எண்ணெய், 2024இன் முதல் 8 மாதங்களில் 40 லட்சம் ஆகிவிட்டது. வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. மேற்சொன்ன 14,100 அவ்வாறு சுற்றியபோது 18,800 ஆயிற்று. ரஷ்ய எண்ணெய் ஏற்றியவை பெரும்பாலும் துணிந்து செங்கடலிலேயே வந்தன. அவற்றுக்கும் முழுப் பாதுகாப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 25 இந்தியர்கள் வேலை செய்த சாய்பாபா என்னும் எண்ணெய்க் கப்பல் 2023 டிசம்பர் 23இல் தாக்கப்பட்டது. பிரிமார்ஸ்க்கிலிருந்து வாடினாருக்கு வந்துகொண்டிருந்த ஆண்ட்ரோமெடா ஸ்டார் 2024 ஏப்ரலில் அடிபட்டது. 2024 ஜனவரி 26இல் மார்லின் லுவாண்டா தீப்பற்றியபோது அதில் 22 இந்தியர்களும் ஒரு வங்காள தேசத்தவரும் இருந்தார்கள். ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் விரைந்து போய்த் தீயணைக்க உதவியது.

நான்கு மடங்கு கப்பலுக்கு எங்கே போவது? புதிதாகக் கட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். உடைக்கப் போக வேண்டிய கிழக் கப்பல்கள் கைமாறின. அலங்குக்கு வந்திருக்க வேண்டிய 20 வயதுக் கப்பல், பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டு மறுபடி எண்ணெய் ஏற்றியது. சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஏதோ ஒரு தீவின் தபால் பெட்டி எண்தான் பதில். தான் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவியை அணைத்துவிடுவதும் உண்டு. லண்டன் இன்ஷூரன்ஸ் இவற்றில் பலவற்றுக்கு இல்லை. இவற்றை நிழற் கப்பல்கள் என்கிறார்கள்.

மலிவாகக் கிடைத்தால் நமக்கு நல்லதுதானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். மலிவு நல்லதுதான், நம்மைப் போன்ற ஏழை நாட்டுக்கு அதை விட்டுக்கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 2017 ஜனவரி 28ஆம் தேதியை எண்ணூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கனத்த எண்ணெய் கரைக்கு வந்தது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் மொண்டார்கள். சென்னையில் மீன் வாங்க ஆளில்லாமல் மீனவர் குடும்பங்கள் தவித்தன. அந்தக் கப்பலுக்காவது இன்ஷூரன்ஸ் இருந்தது. நஷ்டஈடு கேட்க ஒரு முகவரி இருந்தது. முகவரி இல்லாத கப்பல் நம் கரையருகே உடைந்தால்?

அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் சர்வதேச எண்ணெய் மாசு நஷ்டஈட்டு நிதி. கப்பல் முதலாளி ஓடிவிட்டாலும் இந்த நிதி ஓர் எல்லை வரை கொடுக்கும். இதற்குப் பணம் கட்டுபவர்கள், உறுப்பு நாடுகளில் ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கடல்வழி எண்ணெய் பெறும் கம்பெனிகள். இந்தியா இதில் உறுப்பினர். பெரும் பங்கு செலுத்தும் நாடுகளுள் ஒன்று. எனவே நிழற் கப்பல் ஒன்று எங்கோ ஓர் உறுப்பு நாட்டின் கரையைக் கெடுத்துவிட்டு மறைந்தால், அந்தச் செலவில் ஒரு பகுதி மாஹுல் கம்பெனிகளின் கணக்கிலும் ஏறலாம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. போர், பகைமைச் செயல், உள்நாட்டுப் போர், கலகம் இவற்றால் உண்டான மாசுக்கு நிதி பொறுப்பாகாது. கப்பல் முதலாளியும் பொறுப்பாகார். அதாவது கிழக் கப்பல் தானே உடைந்தால் மீனவருக்கு வழி உண்டு. ஏவுகணை பட்டு உடைந்தால் இந்த இரு கதவுகளும் அடைபடும். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சாய்பாபா தாக்கப்பட்ட அதே 2023 டிசம்பர் 23ஆம் தேதி, கெம் புளூட்டோ என்னும் இரசாயனச் சரக்குக் கப்பல் புது மங்களூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. செங்கடலில் அன்று, குஜராத்தின் வேராவலுக்குத் தென்மேற்கே, நம் அரபிக் கடலில். ஆளில்லா விமானம் ஒன்று அதன்மேல் விழுந்து வெடித்தது. கப்பலில் 20 இந்தியர்களும் ஒரு வியட்நாமியரும் இருந்தார்கள். தீயை அவர்களே அணைத்தார்கள். கடலோரக் காவற்படைக் கப்பல் விக்ரம் துணைவர, டிசம்பர் 25ஆம் தேதி அது மும்பைக்கு எதிரே வந்து நங்கூரம் பாய்ச்சியது.